கடலடி ஏடுகள்

சுவடிகளை ஒப்பிட்டு மூலபாடத்தைத் தீர்மானிக்கும் முறையை முதுகலைத் தமிழ் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். எங்கள் பாடத்திட்டத்திலேயே மிகுந்த சலிப்புக்குரிய தாள் அதுதான் என்பது மாணவர்களின் ஒருமித்த கருத்து. குறுந்தொகையின் ஒரு பாட்டைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறவர்கள், ‘இந்தச் சுவடியில் ஓர் ஏடு குறைகிறது, அந்தச் சுவடியில் இரண்டடி மிகுந்திருக்கிறது’ என்று தொடங்கினால் சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இலக்கியத்தின் இன்பம் பாட்டில் இருக்கிறது. கறையான் அரித்த ஓலையில் இல்லை. ஆனால் அந்த ஓலையைப் பொறுமையோடு பார்க்க ஒருவர் இல்லாமற்போனால் பாட்டு நம் கைக்கு வந்திருக்காது என்பதை எப்படியாவது உணர்த்த வேண்டியிருக்கிறது.

அண்மைக் காலமாக அதற்கு எனக்குத் துணையாக நிற்பது தமிழல்லாத, இலக்கியமுமல்லாத ஒரு துறை. துருவக் கடல்களின் அடித்தரையில் படிந்த சேற்றைத் தோண்டியெடுத்து, அதிலிருந்து பனியுகங்களின் சூழலை மீட்டுருவாக்கும் ஆய்வு. நிலவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் ஒருநாள் ஆசிரியர் அறையில் ஒரு படத்தைக் காட்டினார். நெடுக்காகப் பிளந்து கிடத்திய ஒரு மண்ணுருளை. கரும்பச்சை, சாம்பல், மங்கிய வெள்ளை என்று பட்டை பட்டையாக நிறம் மாறிக்கொண்டே போனது. இடையிடையே கூழாங்கற்கள். “இதை மேலிருந்து கீழாக வாசிக்க வேண்டும்” என்றார் நண்பர். ஆராய வேண்டும் என்றோ அளக்க வேண்டும் என்றோ அவர் சொல்லவில்லை. வாசிக்க வேண்டும் என்றார். அந்த வினைச்சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதன்பின் அவரிடம் கேட்டும், அவர் தந்தவற்றைப் படித்தும் தெரிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

கடலின் அடித்தரை ஓய்வதில்லை. மேலிருந்து எப்போதும் ஏதோ ஒன்று விழுந்துகொண்டே இருக்கிறது. இறந்த நுண்ணுயிர்களின் ஓடுகள், காற்று கொண்டுவந்த தூசு, எரிமலைச் சாம்பல், ஆறுகளின் வண்டல். ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சென்டிமீட்டர் என்ற கணக்கில் அது ஏறுகிறது. ஒரு விரற்கடைச் சேற்றில் ஒரு பேரரசின் எழுச்சியும் வீழ்ச்சியும் அடங்கிவிடும். இந்தச் சேற்றை அடுக்குக் குலையாமல் எடுப்பதே நெடுநாள் பெரும்பாடாக இருந்தது. வெறுங்குழாயைக் கனமேற்றி இறக்கினால் சில மீட்டருக்கு மேல் கிடைக்காது. சுவீடன் நாட்டுக் கடலியலாளர் பியர்யே குல்லன்பெரி, குழாய்க்குள் ஓர் அடைப்பானை வைத்து, சேறு உள்ளே ஏறும்போது நசுங்காமல் காக்கும் கருவியை உருவாக்கினார். 1947-48இல் உலகைச் சுற்றிய ‘அல்பட்ராஸ்’ கப்பலின் பயணத்தில் அக்கருவி பத்து மீட்டருக்கும் மிகுந்த நீளமுள்ள உருளைகளை மேலே கொண்டுவந்தது. ஏட்டுக்கட்டு முதன்முதலாக முழுசாகக் கைக்கு வந்த காலம் அது என்று சொல்லலாம்.

அந்த ஏட்டில் எழுத்து எது?

துருவக் கடற்சேற்றில் முதலில் கண்ணுக்குப் படுவது கல். கரையிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, மெல்லிய களிமண்ணுக்கு நடுவே ஒரு கைப்பிடிக் கல் கிடந்தால், அதை நீரோட்டம் கொண்டுவந்திருக்க முடியாது. கல்லைச் சுமந்து அவ்வளவு தொலைவு வரக்கூடியது பனிப்பாறை ஒன்றுதான். நிலத்தின்மீது நகரும் பனியாறு தன் அடியிலுள்ள பாறையைச் சுரண்டிக் கல்லையும் மண்ணையும் தன்னுள் உறையவைத்துக்கொள்கிறது. கடலை அடைந்ததும் உடைந்து மிதக்கிறது. உருகும் இடத்தில் சுமையை இறக்கிவிடுகிறது. செருமானியரான ஹார்ட்முட் ஹைன்ரிஹ் 1988இல் வெளியிட்ட கட்டுரையில், வட அட்லாண்டிக் கடலடியில் இப்படிக் கல்மணல் செறிந்த அடுக்குகள் மீண்டும் மீண்டும் வருவதைக் காட்டினார். கடைசிப் பனியுகத்தில் அத்தகைய ஆறு அடுக்குகளைப் பின்னர் எண்ணினார்கள். அவற்றிலுள்ள சுண்ணக்கல் துணுக்குகள் கனடாவின் ஹட்சன் நீரிணைப் பக்கத்துப் பாறைகளோடு ஒத்துப்போயின. வட அமெரிக்காவை மூடியிருந்த பனிவிரிப்பு, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலைகுலைந்து, பனிப்பாறைகளைப் படைபடையாகக் கடலுக்குள் தள்ளியிருக்கிறது. அதைக் கண்டவர் யாருமில்லை. சாட்சி சொல்வது ஐரோப்பாவுக்கு அருகே, கடலடியில், தனக்கு உரிமையில்லாத ஊரில் கிடக்கும் கனடாவின் கல்.

அடுத்த எழுத்து டயாட்டம். ஒற்றைச் செல் பாசி. கண்ணாடியை ஒத்த சிலிக்கா ஓடு கொண்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் தட்டான் சிறகின் நரம்புபோல வரிவரியாகத் துளைகள் தெரியும். அதற்கு வெயில் வேண்டும். ஆகவே டயாட்டம் ஓடுகள் குவிந்த அடுக்கு, மேலே பனி மூடாத திறந்த கடல் இருந்தது என்று சொல்கிறது. தடித்த பனிக்கூரை மூடியிருந்த காலத்து அடுக்கில் அவை அருகிவிடும். அவற்றுள்ளும் சில இனங்கள் மிதக்கும் கடற்பனியின் ஓரத்தை விரும்பி வாழ்பவை. அவற்றின் விகிதத்தைக் கொண்டு பனிக்காலக் கடற்பனி எதுவரை படர்ந்திருந்தது என்று மதிப்பிடுகிறார்கள்.

மூன்றாவது எழுத்து ஃபொராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர். சுண்ணாம்பு ஓடு கட்டி வாழ்வது. இதன் ஒரு வகை மணலளவே ஆன நத்தையைப்போலச் சுருளும். இடப்பக்கம் சுருண்டால் உறைகுளிர் நீர், வலப்பக்கம் சுருண்டால் சற்று வெதுவெதுப்பான நீர் என்று கொண்டார்கள். ஒரே உயிரினம் குளிருக்கேற்பத் திசை மாற்றிக்கொள்கிறது என்பது முதலில் நிலவிய எண்ணம். பின்னாளில் மரபணு ஆய்வு இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்று காட்டியது. விளக்கம் மாறியது, குளிரைச் சுட்டும் குறியாக இடச்சுருள் நிலைத்தது. ஒரு சொல்லுக்கு நச்சினார்க்கினியர் சொன்ன இலக்கணக் காரணத்தைப் பிற்கால அறிஞர் மறுத்தாலும் அவர் சொன்ன பொருள் நிற்பதுண்டல்லவா, அதுபோல.

இந்த ஓட்டுக்குள் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கடல்நீரின் ஆக்சிஜனில் கனம் குறைந்தது, கனம் மிகுந்தது என்று வகைகள் உண்டு. கனம் குறைந்தது எளிதில் ஆவியாகிப் பனியாகப் பொழிகிறது. பனியுகத்தில் அந்தப் பனி கடலுக்குத் திரும்பாமல் நிலத்தின்மேல் மலையாகக் குவிந்துவிடுவதால், கடலில் எஞ்சும் நீரில் கனமான ஆக்சிஜனின் விகிதம் கூடுகிறது. அந்த நீரிலிருந்து கட்டிய ஓட்டில் அந்த விகிதம் பதிகிறது. சேசரே எமிலியானி 1955இல் இதைக் கடல்வெப்பத்தின் கணக்காகவே பெரிதும் வாசித்தார். நிக்கலஸ் ஷாக்கிள்டன் 1967இல் வேறு வாசிப்பைத் தந்தார்: இந்த மாற்றத்தின் பெரும்பகுதி வெப்பத்தைச் சொல்வதன்று, உலகில் எவ்வளவு நீர் பனியாக உறைந்திருந்தது என்பதைச் சொல்வது. எழுத்து அதேதான். உரை மாறியது. அந்த உரைமாற்றத்தால், ஒரு சுண்ணாம்பு ஓட்டைக் கொண்டு உலகின் பனியையே நிறுக்க முடிந்தது.

இதன் பயன் 1976இல் வெளிப்பட்டது. ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, கிளாஸ்கோ நகர அருங்காட்சியகம் ஒன்றில் காவலராக வேலை பார்த்துக்கொண்டே தாமாகப் படித்த ஜேம்ஸ் குரோல், பூமியின் சுற்றுப்பாதையில் ஏற்படும் சிறு மாற்றங்களே பனியுகங்களுக்குக் காரணம் என்று எழுதியிருந்தார். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் செர்பியாவின் மிலுதின் மிலன்கோவிச் அதற்கு விரிவான கணக்குப் போட்டார். ஆனால் சான்று இல்லை. மூவரும் சான்றைத் தேடியது தெற்கு இந்தியப் பெருங்கடலின் சேற்றில். அமெரிக்காவில் வேறுவேறு காப்பகங்களில் கிடந்த இரண்டு உருளைகள் அவர்களுக்கு உதவின. ஒன்றில் அண்மைக் காலத்து அடுக்குகள் நன்றாக இருந்தன. ஆனால் அது போதுமான பழமைக்குப் போகவில்லை. மற்றொன்று நாலரை லட்சம் ஆண்டுவரை போயிற்று. ஆனால் அதன் மேற்பகுதி இல்லை. இரண்டையும் பொருந்தும் இடத்தில் இணைத்து ஒரே பிரதியாக வாசித்தார்கள். முதல் ஏடுகள் இல்லாத சுவடியையும் கடை ஏடுகள் இல்லாத சுவடியையும் அருகருகே வைத்து நூலை நிறைவாக்கும் பதிப்பாசிரியரின் வேலையைத்தான் அவர்கள் செய்தார்கள். ஏறத்தாழ இருபத்து மூவாயிரம், நாற்பதாயிரம், ஒரு லட்சம் ஆண்டுகள் என்ற தாளங்கள் அந்தச் சேற்றிலிருந்து எழுந்து வந்தன. சுற்றுப்பாதைக் கணக்கின் தாளங்களும் அவையே.

இந்த இடத்தில்தான் என் வகுப்பறை குறுக்கிட்டது. அவ்விரு உருளைகளில் முதலாவது எடுக்கப்பட்ட இடத்தை உலகப் படத்தில் தேடிப் பார்த்தேன். தெற்கே நாற்பத்து மூன்றரைப் பாகை; கிழக்கே எண்பது பாகைக்குச் சற்றுக் குறைவு. நாகப்பட்டினத்திலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு இழுத்தால், அது இலங்கையின் மேற்குக் கரையை உரசிக்கொண்டு, நிலநடுக்கோட்டைக் கடந்து, வேறெந்தப் பெருநிலத்தையும் தொடாமல் அங்கே போய்ச் சேரும். இதை மாணவர்களிடம் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி எழுந்தது. “ஐயா, பனியுகத்தில் கடல்மட்டம் நூற்றிருபது மீட்டர் தாழ்ந்திருந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் குமரிக்கண்டம் உண்மைதானே?”

கேட்டவர் குறும்புக்காகக் கேட்கவில்லை. அவர் குரலில் இருந்தது ஆவல். இறையனார் களவியல் உரை முச்சங்க வரலாற்றைச் சொல்லும்போது கடல்கோளைச் சொல்கிறது. சிலப்பதிகாரம் பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைச் சொல்கிறது. அடியார்க்கு நல்லார் அங்கே எழுநூற்றுக் காவதத்தையும் நாற்பத்தொன்பது நாடுகளையும் கணக்கிடுகிறார். இவற்றையெல்லாம் பாடமாக நடத்துகிறவன் நான். இந்த ஆவலை ஊட்டியதில் எனக்கும் பங்குண்டு. ‘ஆம், அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டது’ என்று சொல்லியிருந்தால் அன்று வகுப்பு கைதட்டியிருக்கும்.

பனியுகம் உச்சத்தில் இருந்தது இற்றைக்கு ஏறத்தாழ இருபத்தோராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது கடல்மட்டம் அவ்வளவு தாழ்ந்திருந்தது உண்மை. ஆழம் குறைந்த பாக் நீரிணை அன்று தரை. இலங்கை நம்மோடு ஒட்டிய நிலம். இன்றைய கடற்கரைக்கு அப்பாலும் ஓர் அகன்ற விளிம்பு வெளிப்பட்டிருந்தது. பனி உருகியபோது அந்நிலத்தைக் கடல் கொண்டதும் உண்மை. ஆனால் குமரிக்குத் தெற்கே விரிவது மூன்று, நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள கடல். நூற்றிருபது மீட்டர் நீர் இறங்கினாலும் அங்கே ஒரு கண்டம் தலைகாட்டாது. அந்தக் கடலின் தரை கண்டப் பாறையாலும் ஆனதன்று. கடலடியிலேயே பிறந்த எரிமலைப் பாறை. அதன்மேல் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்தது கடற்சேறு. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் லெமூரியா என்று பெயரிட்டது, மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் காணப்பட்டதற்குக் காரணம் தேடிய ஒரு கருதுகோளை. கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் அந்தக் கருதுகோளுக்கு வேலை இல்லாமற்போயிற்று.

இதையே வகுப்பில் சொன்னேன். முகங்கள் வாடின. ஆயினும் மேலும் ஒன்று சொன்னேன். கடல்கோள் என்ற நினைவு பொய் என்று சேறு சொல்லவில்லை. கரையோரம் வாழ்ந்த மக்கள் நிலத்தைக் கடலுக்குப் பறிகொடுப்பது எல்லாக் காலத்திலும் நடந்தது. நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு 2004க்குப் பிறகு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரு சமூகம் தன் இழப்பை நூலில் எழுதிவைக்கிறது. அதற்கு இலக்கிய மதிப்பு உண்டு. ஆனால் இலக்கியத்தின் மதிப்பைக் காட்ட நிலவியலிடம் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை. கேட்டால் அது தருகிற விடையை அப்படியே ஏற்க வேண்டும். பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விட்டுவிடுவதற்கு நம் துறையில் ஒரு பெயர் உண்டு: வேண்டிய பாடத்தை மட்டும் கொள்வது.

இந்த ஆசை தமிழாசிரியருக்கு மட்டும் உரியதன்று என்பதைத் தென்துருவமே காட்டுகிறது. அண்டார்க்டிகாவைக் குறுக்காகப் பிளந்து செல்லும் மலைத்தொடரின் உயரங்களில், பனியாறுகள் விட்டுச்சென்ற ஒரு பழைய மண்படிவு உண்டு. சீரியஸ் படிவு என்று பெயர். பீட்டர் வெப், டேவிட் ஹார்வுட் முதலியோர் 1984இல் அதற்குள் கடல் டயாட்டங்களைக் கண்டதாக எழுதினார்கள். அவற்றின் வயது ஏறத்தாழ முப்பது லட்சம் ஆண்டு. மலைமேல் கடல்வாழ் உயிரின் ஓடு எப்படி வந்தது? கிழக்கு அண்டார்க்டிகாவின் பெரும்பனி ஒரு காலத்தில் உருகிக் கண்டத்தின் உட்பகுதியில் கடல் புகுந்திருக்க வேண்டும்; அங்கே டயாட்டங்கள் வாழ்ந்து படிந்திருக்க வேண்டும்; பின்னர் மீண்டும் வளர்ந்த பனி அந்தச் சேற்றைச் சுரண்டி மலைமேல் ஏற்றியிருக்க வேண்டும். இது அவர்கள் முடிவு. நிலைத்தது என்று நம்பியிருந்த பெரும்பனியே நிலையற்றது என்ற அந்த முடிவு துறையை இரண்டாகப் பிரித்தது.

ஜார்ஜ் டென்டன், டேவிட் சக்டன், டேவிட் மார்ச்சன்ட் போன்றோர் எதிர்த்தரப்பில் நின்றார்கள். அதே மலைப்பகுதியின் வறண்ட பள்ளத்தாக்குகளில், பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் விழுந்த எரிமலைச் சாம்பல் நீர்படாமல், மக்காமல் அப்படியே கிடப்பதைக் காட்டினார்கள். இடையில் அவ்வளவு வெப்பக் காலம் வந்திருந்தால் அது எப்படித் தப்பியிருக்கும்? அந்த டயாட்டங்கள் காற்றில் பறந்து வந்தவை என்பது அவர்கள் விளக்கம். தூசிலும் சிறிய ஓடுகள் அவை; கடலிலிருந்து வெகுதொலைவிலுள்ள தென்துருவப் பனியிலும் அத்தகைய ஓடுகள் கிடைத்தன. எங்கள் துறைச் சொல்லில் கூறினால், கேள்வி இதுதான்: அந்த ஓடுகள் மூலபாடமா, இடைச்செருகலா?

விவாதம் பல ஆண்டுகள் நீண்டது, கடுமையாகவும் இருந்தது. ஆனால் அது நடந்த விதத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இருதரப்பும் தத்தம் உரையை மீண்டும் மீண்டும் உரக்கச் சொல்வதோடு நிற்கவில்லை. செருகலுக்கு இடமில்லாத சுவடியைத் தேடவேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. காற்று கொண்டுவந்து தூவினால் நாலைந்து ஓடு சேரும். கனத்த அடுக்கு சேராது. அடுக்கு வேண்டுமானால் கடலடிக்குத்தான் போகவேண்டும்.

2006-07ஆம் ஆண்டின் தென்துருவக் கோடையில் அமெரிக்கா, நியூசிலாந்து, இத்தாலி, செருமனி ஆகிய நாடுகளின் ஆண்ட்ரில் திட்டத்தினர், ராஸ் தீவுக்கு அருகில் மிதக்கும் பனித்தட்டின்மீது துளைப்பொறியை நிறுத்தினார்கள். காலடியில் ஏறத்தாழ எண்பத்தைந்து மீட்டர் பனி. அதற்குக் கீழே எண்ணூறு மீட்டருக்கு மேல் கடல்நீர். அதற்கும் கீழே கடலடிக்குள் 1,285 மீட்டர் துளைத்தார்கள். துளைத்த நீளத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு உருளையாக மேலே வந்தது. அந்த உருளையை வாசிக்கும் முறையை நண்பர் எனக்கு எளிமையாகச் சொன்னார். கல்லும் மண்ணும் வரிசையின்றி நசுங்கிக் கலந்திருந்தால், அப்போது பனி தரையைத் தொட்டு அழுத்திக்கொண்டிருந்தது. மெல்லிய சேறும் அருகிய உயிர்த்தடமும் இருந்தால், பனி தரையை விட்டெழுந்து கூரைபோல மிதந்தது. டயாட்டம் ஓடுகள் வெளிர்நிறப் பாறையாகத் திரண்டிருந்தால், வானம் பார்த்த கடல். அடுக்குகளின் வயதைச் சொல்ல, இடையிடையே எரிமலைச் சாம்பலும், பூமியின் காந்தத் திசை புரண்ட தடங்களும் இருந்தன. நூலின் இறுதியில் ஏடெழுதியவர் ஆண்டும் திங்களும் குறிப்பதுபோல.

மூன்றும் மாறி மாறி வந்தன. முப்பது முதல் ஐம்பது லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பகுதியில், ஏறத்தாழ நாற்பதாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை பனி முன்னேறிப் பின்வாங்கிய தடம் தெரிந்தது. பூமியின் அச்சுச் சாய்வு மாறும் தாளம் அது. பல பத்து மீட்டர் தடிமனுள்ள டயாட்டப் பாறையும் அங்கே இருந்தது. அதைக் காற்றின் தலையில் ஏற்ற முடியாது. டிம் நெயிஷும் உடன் பணியாற்றியோரும் 2009இல் எழுதிய கட்டுரையின்படி, அக்காலத்தில் மேற்கு அண்டார்க்டிகாவின் பனி திரும்பத் திரும்பக் குலைந்திருக்கிறது. அப்போது உலகம் இன்றைவிட ஏறத்தாழ மூன்று பாகை வெப்பமாக இருந்தது. காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு நானூறு பங்கு வரை இருந்திருக்கலாம். ஹவாய்த் தீவின் மௌனா லோவா நிலையத்தில் 2023ஆம் ஆண்டுச் சராசரி நானூற்றிருபதைத் தாண்டியது. இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிய பின் உரை எழுதத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

மலைமேலுள்ள சீரியஸ் படிவின் வழக்கை ஆண்ட்ரில் உருளை தீர்த்துவிட்டது என்று சொல்வது மிகை. அது கிழக்கைப் பற்றிய வழக்கு. இது பெரிதும் மேற்கைப் பற்றிய சான்று. ஒரு சுவடி சொல்வதை வேறொரு நூலுக்கு ஏற்றிச் சொல்லக்கூடாது. இந்தக் கட்டுப்பாட்டை அவர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் துறையின்மேல் மதிப்புக் கூடுகிறது.

சிக்கல் இத்தோடு முடியவில்லை. பனிக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. முன்னேறும்போது தான் முன்னே எழுதியதைத் தானே அழித்துவிடும். கரையையொட்டிய கடலடியில் கடைசிப் பனியுகத்தின் பனி அதற்கு முந்தைய அடுக்குகளைப் பல இடங்களில் வழித்தெறிந்துவிட்டது. வளையாபதியும் குண்டலகேசியும் முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. உரைகளிலும் தொகை நூலிலும் ஒட்டிக்கொண்ட பாடல்களைக் கொண்டே அவற்றை ஊகிக்கிறோம். அவ்வாறே இவர்களும் வழித்தெறியப்பட்ட மண் போய்ச் சேர்ந்த ஆழ்கடல் சரிவுகளில் எச்சங்களைத் தேடுகிறார்கள். வயதுக் கணக்கிலும் பொறி உண்டு. தென்துருவ ஆழ்நீரில் பழைய கரி தேங்கியிருப்பதால், இன்று உயிரோடிருக்கும் சிப்பியைக் கரிமக் காலக்கணிப்பில் இட்டாலும் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது என்று விடை வரும். அந்தக் கூடுதலைக் கழித்துத்தான் எதையும் பேசலாம்.

இவ்வளவு எச்சரிக்கையோடு படித்த சேறு ஒரு தெளிவான கேள்விக்கு விடை சொன்ன இடம் லார்சன் ‘பி’. அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் மிதந்துகொண்டிருந்த இந்தப் பனித்தட்டு, 2002ஆம் ஆண்டு சனவரி இறுதியிலிருந்து மார்ச்சுக்குள், ஏறத்தாழ முப்பத்தைந்து நாளில், மூவாயிரத்து இருநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் நொறுங்கிச் சிதறியது. செயற்கைக்கோள் படங்களில் உலகமே பார்த்தது. உடனே எழுந்த கேள்வி நியாயமானது: இது வழக்கமாக நடப்பதுதானா? பனித்தட்டுகள் உடைவதும் மீண்டும் வளர்வதும் இயற்கை என்றால், நாம் பதறவேண்டிய தேவை என்ன?

செயற்கைக்கோளின் நினைவு சில பத்தாண்டுகளே. பழைய கதையைக் கடலடியிடம்தான் கேட்கவேண்டும். பனித்தட்டு உடைந்ததால் அதன் கீழிருந்த தரைக்கு மேலே முதன்முதலாகக் கப்பல் போக முடிந்தது. யூஜின் டோமக் தலைமையிலான குழு அங்கே உருளைகளை எடுத்து 2005இல் முடிவை வெளியிட்டது. திறந்த கடலின் அடையாளமான டயாட்டச் செழிப்பை இந்த இடைக்காலம் முழுவதிலும் தேடினார்கள். அது இல்லை. அதாவது, கடைசிப் பனியுகம் முடிந்ததிலிருந்து, ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளாக, அந்தக் கூரை அங்கேயே இருந்திருக்கிறது. நம் மொழி பிறந்து, எழுத்துப் பெற்று, இலக்கணம் கண்டு, இத்தனை நூல் எழுதிய காலம் முழுவதும் கலையாதிருந்த ஒன்று முப்பத்தைந்து நாளில் கலைந்தது.

இங்கே சான்றாக நிற்பது ஒன்று இல்லாமை. இல்லாமையைச் சான்றாகக் கொள்வதில் இடர் உண்டு என்பதைச் சுவடி பார்த்தவர் அறிவார். ஏட்டில் இல்லாதது எழுதப்படாததாலும் இருக்கலாம், உதிர்ந்ததாலும் இருக்கலாம். அதனால்தான் ஓரிடத்து உருளையோடு நிற்காமல் பல இடங்களில் எடுத்தார்கள். ஓடுகளின் ஆக்சிஜன் விகிதத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். பனித்தட்டு பல்லாயிரம் ஆண்டுகளாக மெல்ல மெல்ல மெலிந்து வந்திருக்கிறது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. நெடுநாள் மெலிவின்மேல் அண்மைக் கால வெப்பம் கடைசி அடியை வைத்தது என்பது அவர்கள் வாசிப்பு. ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்த பனி உடைந்ததால் மட்டும் கடல்மட்டம் உயர்ந்துவிடாது. ஆனால் அந்தத் தட்டு, பின்னாலிருந்த பனியாறுகளுக்கு ஓர் அணைபோல நின்றது. அணை போனபின் அவற்றுள் சில பல மடங்கு வேகமாகக் கடலுக்குள் ஓடத் தொடங்கின. மேற்கு அண்டார்க்டிகாவில் இதே கதை பெரிய அளவில் நடந்தால், மூன்று மீட்டருக்கும் மிகுந்த கடலேற்றத்துக்கான நீர் அங்கே உறைந்து கிடக்கிறது. அதற்குப் பல தலைமுறைகள் ஆகலாம். ஆனாலும் கடல்கோள் என்ற சொல்லைப் பழங்கதையின் சொல்லாகவே இனி என்னால் நடத்த முடியவில்லை.

கடலடியைத் துளைத்து உருளைகள் எடுத்த ‘ஜாய்டிஸ் ரெசொல்யூஷன்’ என்ற புகழ்பெற்ற கப்பலின் ஆய்வுப் பணி 2024இல் முடிவுக்கு வந்தது. அதற்கான நிதியை அமெரிக்கா நிறுத்திக்கொண்டது. பனி கலையும் காலத்தில் அதை வாசிக்கும் கருவிகளுள் ஒன்று கரையேறியது ஒரு முரண்தான். ஆயினும் எடுத்தவை போய்விடவில்லை. கப்பலுக்கு வந்த ஒவ்வோர் உருளையையும் நெடுக்காக இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி ஆய்வுக்கு; அதிலிருந்து வெட்டியும் சுரண்டியும் எடுக்கலாம். மறு பாதியைப் படம் எடுப்பார்கள், பார்த்துக் குறிப்பெழுதுவார்கள், ஆனால் வெட்டமாட்டார்கள். ஏறத்தாழ நான்கு பாகைக் குளிரில், இருண்ட கிடங்கில், வரிசையாக அடுக்கிவைத்துவிடுவார்கள். இனி வருகிறவர்களிடம் நம்மைவிட நல்ல கண் இருக்கும் என்ற எண்ணத்தில் செய்யும் ஏற்பாடு அது. 1976இன் மூவரும் அப்படி வேறு யாரோ எடுத்துவைத்த சேற்றைத்தான் வாசித்தார்கள்; எடுத்தவர்களுக்கு அதன் பொருள் தெரியாது.

தாம் படித்தறிய முடியாத சுவடியையும் வெள்ளத்தில் விடாமல், அடுப்பில் இடாமல், பரணில் ஏற்றிவைத்த முகமறியாத மனிதர்கள் நம் ஊர்களிலும் இருந்தார்கள். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தபோது அவர் கையில் வந்து சேர்ந்தவை அப்படி வைக்கப்பட்டவைதான். அவர்களுடைய பெயர்கள் எந்த முகவுரையிலும் இல்லை. அவர்கள் ஏட்டைத் திருத்தவில்லை; தமக்கு வேண்டியதை அதில் எழுதிச் சேர்க்கவுமில்லை. வைத்திருந்தார்கள், அவ்வளவே.